சுண்ணாம்பு இறங்காத முகம்

பாஸ்போர்ட்டில் கலீலுல்லாவுக்கு வயது முப்பத்து நான்கு. உடம்பில் நாற்பத்தாறு. நடுவில் இருந்த வருஷங்களை பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஆள் தின்றுவிட்டான். "வயசு கம்மியா இருந்தா துபாய், குவைத்து எங்கயும் போலாம் பாய். கூட இருந்தா கபருஸ்தானுக்குத்தான் போலாம்" என்று அவன் சொன்ன நியாயத்தைக் கலீலுல்லா ஒப்புக்கொண்டான். காகிதமும் ஒப்புக்கொண்டது. முகம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டில், சுண்ணாம்புத் தொட்டி ஓரமாக இருபது வருஷத்துக்கு மேல் நின்ற முகம் அது. ரோமம் கழல்வதற்காக ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுவார்கள். ரோமம் ஆட்டுக்குக் கழலும். நெடியும் தெறிப்பும் நிற்கிறவனுக்கு. அவன் கன்னம் எப்போதும் லேசாகச் சிவந்து கிடக்கும், சொறிவான், ஆறும், மறுபடி சிவக்கும். கண்ணுக்குக் கீழே பை. வாய்க்கு இரண்டு பக்கமும் பள்ளம். நெற்றியில் உழுது போட்டது மாதிரி கோடு. எண்ணெய் காட்டாமல் வெயிலில் போட்ட தோல் என்று சொன்னால் ஷெட்டில் யாருக்கும் விளங்கும்.

ஷெட்டை மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். அந்த இடத்தில் மாடிக் கட்டடம் வரப்போகிறதாம். குவைத்தில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்ததும், ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் செம்பூரில் இருந்த ஏஜெண்ட் வானமாமலையிடம் பாஸ்போர்ட் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வானமாமலை நாங்குநேரிக்காரர். ஆள் அனுப்புகிற தொழிலில் இருந்தாலும் முகத்துக்கு நேராகப் பேசுகிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. கலீலுல்லாவைப் பார்த்தார், நகலைப் பார்த்தார், மறுபடி கலீலுல்லாவைப் பார்த்தார்.

"பாய், இது உம்ம மகன் பாஸ்போர்ட்டா?"

"என்னதுதான்."

"அடுத்த மாசம் கம்பெனி ஆளு வாராரு. இந்த மூஞ்சியக் காட்டி முப்பத்தி நாலுன்னு சொன்னா, உம்மை விட்டுட்டு என்னைப் புடிச்சு உள்ள வைப்பானுவ."

"வெயில்ல நின்னு வேலை செஞ்சா இப்படித்தான் ஆகும்."

"அதை அவருகிட்டச் சொல்லும். நான் அனுப்பமாட்டேன். முடிக்கு மை அடிச்சுக்கிடலாம் பாய். மூஞ்சிக்கு என்ன அடிப்பீரு?"

ஷெட்டில் இருந்து கூடப் போயிருந்த பிரம்மநாயகத்திடம் அவர் இவ்வளவு நேரம்கூடச் செலவழிக்கவில்லை. பிரம்மநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு. பாஸ்போர்ட்டிலும் ஐம்பத்திரண்டு. "அண்ணாச்சி, நீரு எதுக்கு வே வந்தீரு?" என்று மட்டும் கேட்டார். "எல்லாரும் குடுத்தாங்க, நானும் குடுத்தேன்" என்றார் பிரம்மநாயகம். நகல் எங்கேயோ அடியில் போய்ச் சேர்ந்தது.

திரும்பும்போது சயான் பஸ்ஸில் கலீலுல்லா கன்னத்தைச் சொறிந்துகொண்டே வந்தான். அவன் மனைவி சபுரா வீட்டில் உட்கார்ந்து தோல் பைகளுக்கு உள்துணி தைக்கிறாள். ஷெட் போனால் அந்த ஊசியில்தான் குடும்பம் தொங்க வேண்டும். இறங்கும் இடம் வந்ததும் அவன் எழுந்து நின்று சொன்னான்:

"செத்துப்போன கெடாத் தோலை வாங்கி, கலியாணப் பொண்ணு கன்னம் மாதிரி ஆக்கி அனுப்புறோம். வெள்ளைக்காரன் கையில மாட்டிக்கிட்டுத் திரியுறான். நம்ம மூஞ்சி என்ன அண்ணாச்சி, அந்தக் கெடாவை விட மோசமா?"

பிரம்மநாயகம் கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சம் மோசம்தான்" என்றார். "ஆனா செய்யலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, டி.வி.யில் சாமித் தொடர் ஓடுகிற நேரத்தில் தாராவி வெறிச்சென்று கிடக்கும். டி.வி. இருக்கிற வீட்டின் வாசலில் செருப்புகள்தான் ஊர்வலம் போகும். அந்த நேரம் பார்த்து இரண்டு பேரும் ஷெட்டுக்குள் போனார்கள். கலீலுல்லா கவிழ்த்துப் போட்ட டிரம் ஒன்றில் உட்கார்ந்து, மேஸ்திரியும் சரக்கும் தானே என்பதால் மிகவும் கறாராக உத்தரவு போட்டான்.

முதலில் சுண்ணாம்பு. தொட்டியில் அடியைக் கலக்காமல் மேலே தெளிந்த தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணுக்குப் படாமல் ஒற்றினார் பிரம்மநாயகம். தோல் ஊறி இளகியது. பிறகு சீவல். தோலின் பின்பக்கச் சதையைச் சீவுகிற கத்தி முகத்துக்கு ஆகாது என்கிற அளவு புத்தி இருவருக்கும் இருந்தது. அதனால் நுரைக்கல்லால் தேய்த்தார்கள். கத்தியை வைத்துக் கலீலுல்லா தன் இரண்டு உள்ளங்கைக் காய்ப்பையும் சீவி எறிந்தான். கையும் கிழட்டுக் கையாக இருக்கக்கூடாதல்லவா. இருபது வருஷக் காய்ப்பு நகம் கனத்துக்குச் சுருள் சுருளாக விழுந்தது. உள்ளே இருந்து சிவப்பாக ஒரு புதுக் கை வந்தது. அவனுக்கே அது யாருடையதோ போல இருந்தது.

"அடுத்தது தவிட்டுத் தண்ணி" என்றார் பிரம்மநாயகம்.

சுண்ணாம்பு ஏறிய தோலை அப்படியே விடமாட்டார்கள். புளித்த தவிட்டுத் தண்ணீரில் போட்டு, ஏறிய சுண்ணாம்பு முழுக்க இறங்கிய பிறகுதான் தோலை இறுக்கிப் பதமாக்குகிற கடுக்காய்த் தொட்டிக்குக் கொண்டுபோவார்கள். இறங்காத சுண்ணாம்பின் மேல் கடுக்காய் விழுந்தால் தோல் வெடித்துக் கறுத்துப்போகும். ஷெட்டுக்குப் புதிதாக வந்தவனுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் இது.

ஆனால் அன்று ஞாயிறு. தவிடு புளிக்க வைக்கவில்லை. மோட்டார் ஓடவில்லை. டிரம்மில் இருந்த தண்ணீரை நுரைக்கல் வேலைக்கே தீர்த்துவிட்டார்கள்.

"தண்ணி இல்லாம எப்படி வே? நாளைக்குப் பாப்போம்" என்றார் பிரம்மநாயகம்.

"நாளைக்கு ஷெட்டு பூரா ஆளு நிக்கும். அண்ணாச்சி, தவிட்டுத் தண்ணி செத்த தோலுக்கு. நான் உசுரோட இருக்கேன். தானா இறங்கிரும். நீங்க கடுக்காயைப் போடுங்க."

"பாய், இறக்காமப் போடக்கூடாது."

"ஏன், வெடிச்சாக் கம்பெனிக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்பிருவானா? போடுங்க."

பிரம்மநாயகம் போட்டார். கடுக்காய்த் தண்ணீர் பட்டதும் முகம் பறை மாதிரி இழுத்துக்கொண்டது. கடைசியாக விளக்கெண்ணெயைத் தடவி, அடுக்கில் இருந்து ஒரு வழவழப்பான கண்ணாடிக் குண்டை எடுத்து மெருகுக்கு இரண்டு உருட்டும் உருட்டிவிட்டார். கலீலுல்லாவால் உதட்டைச் சேர்க்க முடியவில்லை.

"எப்பிடி இருக்கு?" என்று பல்லுக்குள்ளிருந்து கேட்டான்.

"முதல் தரம்" என்றார் பிரம்மநாயகம். "ஓரத்தில ஆணி அடிச்சுக் காயப்போட்டாப் போதும்."

சாயங்காலமே எரிச்சல் தொடங்கியது. சபுரா கேட்டதற்கு வெயில் என்று சொல்லிவிட்டு, துணியைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டான்.

மறுநாள் காலை சபுரா கண்விழித்தாள். பாயில் முன்பின் தெரியாத ஓர் ஆண் உட்கார்ந்திருந்தான். அவள் சட்டென்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"நான்தான்" என்றது பூரி.

எண்ணெயில் போட்ட பூரியாகத்தான் முகம் உப்பியிருந்தது. கண் இரண்டும் கீறல். மூக்கு இரண்டு கன்னத்துக்கு நடுவில் புதைந்துகிடந்தது. பனியனில் இருந்த ஓட்டையைப் பார்த்துத்தான் சபுரா புருஷனை அடையாளம் கண்டாள். அந்த ஓட்டையைத் தைக்கச் சொல்லி அவன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்ன செஞ்சு தொலைச்சீங்க?"

கலீலுல்லா எழுந்தான். சுவரில் தொங்கிய கண்ணாடிக்கு முன் போய் நின்று, ஒரு விரலால் கண்ணிமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தான். எரிந்தது. நெருப்பில் முகம் கழுவின மாதிரி எரிந்தது. ஆனால் நெற்றியில் கோடு இல்லை. கண்ணுக்குக் கீழே பை இல்லை. வாயோரப் பள்ளம் தூர்ந்துபோய் மொழுமொழுவென்று இருந்தது. இருபத்தைந்து வயதில்கூட அவனுக்கு இப்படி ஒரு முகம் இருந்ததில்லை.

"சபுரா, முப்பத்தி நாலு சொல்லலாமா?"

"சொல்லலாம். மூஞ்சிக்கு உள்ள யாரு இருக்கான்னுதான் சொல்ல முடியாது. டாக்டர்கிட்ட வாங்க."

அவன் டாக்டரிடம் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நேரே செம்பூருக்குப் போனான். சூடு ஆறுவதற்குள் சரக்கைக் காட்டிவிட வேண்டும்.

வானமாமலை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யாரு, நம்ம பாயா? அரே, ஏக்தம், அப்படியே மாப்பிள்ளை மாதிரி இருக்கீரே வே. கன்னத்தில ஒரு கோடு இல்ல. கண்ணை மட்டும் கொஞ்சம் தேட வேண்டியிருக்கு. என்ன வே பண்ணீரு?"

"கொஞ்சம் கவனிச்சேன்."

"இந்த மூஞ்சியை விட்றாதீரும். கீழ ஸ்டுடியோவில உடனே போட்டோ எடுத்துக் குடுத்துட்டுப் போரும், பைல்ல ஒட்டிருதேன்."

ஸ்டுடியோக்காரன் மராத்தி ஆள். விளக்கைப் போட்டுவிட்டு, "ஆங்க் கோலோ" என்று கண்ணைத் திறக்கச் சொன்னான். "குலா ஹீ ஹை" என்றான் கலீலுல்லா. மறுபடி சொன்னான். மறுபடி அதே பதில். ஸ்டுடியோக்காரன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, திறந்துதான் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு எடுத்தான்.

அந்த மாப்பிள்ளை இரண்டு நாள்கூட இருக்கவில்லை. வீக்கம் வடிந்த வேகத்தில் முகம் நீர் கோத்து, கசிந்து, பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்த இடம் கறுத்தது. முன்னே இருந்த கோடுகள் எல்லாம் திரும்பி வந்தன. வரும்போது சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தன. சந்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி மஞ்சள் என்றாள். பூசினான். ஒருத்தன் பற்பசை குளிர்ச்சி என்றான். அதையும் பூசினான். எதிர்வீட்டில் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அதைத் தேய்த்த அன்று சந்து முழுக்க அவன் குரல் கேட்டது. யாரும் ஒன்றும் சொல்லாத நாளில் அவனே உட்கார்ந்து பொருக்கை நகத்தால் பெயர்த்தான். கையைச் சும்மா வைத்துக்கொண்டு பழக்கமில்லாதவன். சரக்கில் குறை தெரிந்தால் எடுத்து மறுபடி தேய்க்க வேண்டும் என்பதுதான் அவன் அறிந்த தொழில்.

கடைசியில் சபுரா அவனைக் கையைப் பிடித்து மாட்டுங்காவுக்கு இழுத்துப்போனாள். கோவில் பக்கத்துத் தெருவில் தோல் டாக்டர் கோமளம் இருந்தார். ஊதுபத்தி வாசமும் டெட்டால் வாசமும் சேர்ந்து அடிக்கிற அறை. டாக்டர் விளக்கைத் திருப்பி முகத்தில் அடித்துப் பார்த்தார்.

"என்னத்தைப் போட்டுண்டேள்?"

கலீலுல்லா வெயில் என்று ஆரம்பித்தான். சபுரா குறுக்கே புகுந்து, பிரம்மநாயகத்திடம் கறந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். சுண்ணாம்பு, நுரைக்கல், கடுக்காய், விளக்கெண்ணெய், கண்ணாடிக் குண்டு, மஞ்சள், பற்பசை, எலுமிச்சம்பழம். எழுதிக்கொண்டே வந்த டாக்டர், கண்ணாடிக் குண்டு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன்யா, உங்களுக்கு உங்க மூஞ்சி மேல என்ன விரோதம்?"

"சுருக்கம் போகணும் டாக்டர். வயசாயிருச்சுன்னு சொல்றாங்க."

"எத்தனை வருஷமா சுண்ணாம்புல நிக்கறேள்?"

"இருபதுக்கு மேல."

"அப்போ வயசைக் குத்தம் சொல்லாதீங்கோ. தோல்ல ஒண்ணு பட்டா அது கோச்சுக்கும். ரத்தம் ஓடி வரும், செவக்கும், வீங்கும், எரியும். இன்ஃப்ளமேஷன்னு பேரு. அது வியாதி இல்லே, ரிப்பேர். கொத்தனார் வந்து வேலை பண்றான்னு வெச்சுக்கோங்கோ. முடிச்சுட்டு அவனாப் போயிடுவான். நீங்க தினம் ஒரு தடவை செவுத்தை இடிச்சா அவன் எப்போ போறது? இருபது வருஷமா உங்க கன்னத்துல கொத்தனார் கெளம்பவே இல்லை. அவன் நின்னுண்டே இருந்தா உள்ளே தோலைத் தாங்கிப் பிடிக்கற நாரையும் சேர்த்துப் பிச்சுடுவான். அதான் சுருக்கம். இப்போ பத்தாததுக்கு ஒரே நாள்ல வீட்டையே கொளுத்தியிருக்கேள்."

கலீலுல்லா கவனமாகக் கேட்டான். கொத்தனார் அவனுக்கு விளங்கினான். ஆனால் மனசு வேறோர் இடத்தில் நின்றுவிட்டது.

"டாக்டர், மொத நாளு வீங்கிச்சே, அப்ப ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்டர்வியூ அன்னைக்குக் காலையில மட்டும் அந்த வீக்கத்தைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது ஊசி இருக்கா?"

டாக்டர் சபுராவைப் பார்த்தார். சபுரா கூரையைப் பார்த்தாள்.

"ஏம்மா, வீட்டுல இவரை யாரு பாத்துக்கறா?"

"நான்தான்."

"அப்போ உனக்குத்தான் சொல்றேன். இந்த ஆயின்மென்ட்டை மெலிசா தடவு. பச்சைத் தண்ணியில அலம்பு. வெயில் ஆகாது, சோப்பு ஆகாது, ஷெட்டு ஆகாது. பொருக்கு அதுவா விழணும். ரொம்பச் சிரிக்கவும் வேண்டாம், வெடிப்பு விட்டுடும். வேற ஒண்ணும் பண்ணாதீங்கோ."

"ஒண்ணும் பண்ணாம எப்படி டாக்டர் சரியாகும்?" என்றான் கலீலுல்லா.

"அதுக்குத் தெரியும். கறுப்பு மங்க மாசக்கணக்கா ஆகும். நீங்க கையை வெக்காம இருந்தா."

வெளியே வந்ததும், "ஒண்ணும் செய்யாதேன்னு சொல்றதுக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?" என்று கலீலுல்லா கேட்டான். "ஒங்களை மாதிரி ஆளுக்கு அதைச் சொல்றதுக்குத்தான்" என்றாள் சபுரா.

அன்று முதல் அவள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அவனை உட்காரவைத்து, பைத் துணிகளில் நூல் வெட்டுகிற வேலையைக் கொடுத்தாள். கை முகத்துக்குப் போனால் கத்தரிக்கோலின் பின்பக்கத்தால் முட்டியில் ஒரு தட்டு. எரிச்சல் அடங்கியது. வெடிப்பு மூடத் தொடங்கியது. ஆனால் இன்டர்வியூ தேதி முகத்துக்காகக் காத்திருக்கவில்லை.

முந்தின நாள் மாலை அவன் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனான். பிரம்மநாயகம் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கன்னத்துக்கு மட்டும். ரெண்டே ஒத்து. நாளைக்குக் காலையில வீங்கிரும், காட்டிட்டு வந்துருதேன். அப்புறம் செத்தாலும் பரவாயில்லை."

"பாய், குவைத்துக்குப் போறதுக்கு மூஞ்சின்னு ஒண்ணு மிச்சம் இருக்கணும்லா."

"இந்த மூஞ்சியோட போனா எடுக்கமாட்டாங்க. ஷெட்டு மூடுனா சபுரா ஊசியிலதான் சோறு. ஒமக்குத் தெரியாதா?"

பிரம்மநாயகம் கம்பைத் தொட்டியில் சாத்திவிட்டு அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "தெரியும் வே. அன்னைக்கு நான் போட்டிருக்கக் கூடாது. இன்னைக்கும் போட்டா தங்கச்சி கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு எங்கிட்டத்தான் வரும். வாரும் போவோம்." தோளில் கையைப் போட்டு வீட்டில் கொண்டுவந்து ஒப்படைத்தார். காலையில் இன்டர்வியூவுக்குப் போகும்போதும், வழியில் எதையாவது வாங்கிப் பூசிக்கொள்வான் என்று சபுரா அவரையே காவலுக்கு அனுப்பினாள்.

வானமாமலை கதவைத் திறந்தார். கலீலுல்லாவைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு வே இது?"

"நான்தான்."

"போட்டோவில இருக்கிற மாப்பிள்ளை எங்க?"

"வடிஞ்சிட்டாரு" என்றார் பிரம்மநாயகம்.

கம்பெனி ஆள் எகிப்துக்காரர். பெரிய உடம்பு, நரைத்த மீசை, வாயில் அணைந்த சுருட்டு. தோல் தொட்டியிலேயே வளர்ந்து மேலே வந்தவர் என்று வானமாமலை முன்பே சொல்லியிருந்தார். விரல் நகங்கள் பழுப்பாக இருந்தன. அவர் பேசிய இங்கிலீஷை வானமாமலை தமிழாக்கினார், வேண்டிய இடத்தில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து.

எகிப்துக்காரர் மேஜை மேல் பாஸ்போர்ட்டை விரித்து வைத்தார். அதில் ஒல்லியாக, பள்ளம் விழுந்த கன்னத்தோடு ஒருவன். பக்கத்தில் புதுப் போட்டோவை வைத்தார். அதில் கண்ணில்லாத குண்டுப் பையன் ஒருவன். பிறகு நிமிர்ந்து எதிரில் இருந்ததைப் பார்த்தார். கறுப்பும் சிவப்புமாகப் பொருக்குத் தட்டிய ஒரு கிழவன். மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"மூணு பேரும் ஒரே குடும்பமான்னு கேக்காரு" என்றார் வானமாமலை.

"எல்லாம் நான்தான்."

எகிப்துக்காரர் கையை நீட்டச் சொன்னார். முகம் அவருக்குப் பொருட்டே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தோல் தொழிலில் ஆள் எடுப்பவன் கையைத்தான் பார்ப்பான். கலீலுல்லா நீட்டினான். சீவி எறிந்த இடத்தில் நன்றாக ஆறி, ரோஜாப்பூ நிறத்தில் மெத்தென்று இருந்தது அது. அவர் கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"இது குமாஸ்தா கை, தொட்டியைப் பாக்காத கைங்காரு" என்றார் வானமாமலை. இந்த முறை சர்க்கரை சேர்க்க இடமே கிடைக்கவில்லை.

இருபது வருஷம் சுண்ணாம்பில் கிடந்தவனைப் பார்த்து இப்படிச் சொன்னதும் கலீலுல்லாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வயது, பாஸ்போர்ட் எல்லாம் மறந்துபோயிற்று. "குமாஸ்தாவா? சொல்லுங்க அவருகிட்ட" என்று ஆரம்பித்து, சுண்ணாம்புத் தெளிவு எந்தப் பதத்தில் எடுத்தது, நுரைக்கல் எந்தத் திசையில் ஓட்டியது, கடுக்காய் எவ்வளவு அடர்த்தி, மெருகுக்கு எந்தக் குண்டு, எல்லாவற்றையும் தன் முகத்தையே மாதிரிச் சரக்காகத் தொட்டுக் காட்டிச் சொன்னான். வானமாமலை மொழிபெயர்க்க மொழிபெயர்க்க எகிப்துக்காரர் சுருட்டை எடுத்துக் கீழே வைத்தார். கண் விரிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தொழிலாளி தொழிலாளியைக் கண்டுகொண்ட மாதிரி இருந்தது.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சுண்ணாம்புக்கும் கடுக்காய்க்கும் நடுவில என்ன செஞ்சீருன்னு கேக்காரு."

கலீலுல்லாவின் விரல் கன்னத்திலேயே நின்றது.

"தண்ணி இல்லை" என்றான் மெதுவாக.

"நான் சொன்னேன்" என்றார் வாசலில் நின்ற பிரம்மநாயகம். "தவிட்டுத் தண்ணி விடணும்னு சொன்னேன். இறக்காமப் போடக்கூடாதுன்னும் சொன்னேன். கேக்கலை."

வானமாமலை அதையும் மொழிபெயர்த்தார். அவர் மொழிபெயர்த்திருக்க வேண்டியதில்லை. எகிப்துக்காரர் மேஜையில் கையை ஊன்றி, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருத்தமான குரலில் நீளமாக ஏதோ சொன்னார்.

"பாய், அவரு என்ன சொல்லுதாருன்னா, வயசு அவருக்கு முக்கியம் இல்லையாம். முப்பத்தி நாலோ அறுபதோ, சுண்ணாம்புக்குத் தெரியாதாம். ஆனா சொந்த மூஞ்சிக்கே சுண்ணாம்பு இறக்காதவன் கம்பெனித் தோலுக்கு எங்க இறக்கப்போறான்னு கேக்காரு."

கலீலுல்லா சிவந்த உள்ளங்கையை மடக்கிக்கொண்டான். கிழவன் என்று தள்ளியிருந்தால் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கலாம். தொழில் தெரியாதவன் என்று எப்படிப் போய்ச் சொல்வது?

எகிப்துக்காரர் வாசலைப் பார்த்துக் கையசைத்தார். பிரம்மநாயகம் பின்னால் திரும்பி, தன்னை இல்லை என்று உறுதி செய்துகொள்ளப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. உள்ளே வந்து கையை நீட்டினார். காய்த்து, வெடித்து, நகமெல்லாம் பழுப்பேறிய கை. எகிப்துக்காரர் அதைப் பிடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். திருப்தியாகத் தலையை ஆட்டி வயதைக் கேட்டார்.

"நாப்பத்தி ரெண்..." என்று வானமாமலை தொடங்குவதற்குள், "பிப்டி டூ" என்று பிரம்மநாயகம் சத்தமாகச் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான், அதுவும் பாஸ்போர்ட் ஆபீஸில் கற்றுக்கொண்டது.

எகிப்துக்காரர் தன் நெஞ்சைத் தொட்டு, "பிப்டி எய்ட்" என்றார்.

அடியில் கிடந்த பிரம்மநாயகத்தின் நகலைத் தேடி எடுக்க வானமாமலைக்கு வெகுநேரம் பிடித்தது. கலீலுல்லா எழுந்தபோது எகிப்துக்காரர் அவன் தோளைத் தட்டி இன்னொன்று சொன்னார்.

"ரம்ஜான் கழிஞ்சு திரும்ப வருவாராம். அப்போ வரச் சொல்லுதாரு. கை காய்ச்ச பிறகு, உம்ம சொந்த மூஞ்சியோட."

திரும்பும் பஸ்ஸில் பிரம்மநாயகம் ஜன்னலோரம் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். சுனாபட்டி நிறுத்தம் தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"பாய், நான் வேணும்னு சொல்லலை. வாயில வந்துட்டு."

"தெரியும்."

"நான் போகலைன்னு சொல்லிருதேன்."

"அப்படிச் சொன்னீருன்னா, ஒம்ம மூஞ்சிக்கும் நானே வைத்தியம் பாப்பேன்." பிறகு, "பிப்டி டூ" என்றான் கலீலுல்லா, அவர் குரலிலேயே. அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. சிரித்தான். டாக்டர் சொன்னது சரிதான். வாயோரத்தில் வெடிப்பு விட்டு ரத்தம் கசிந்தது. துண்டை வைத்து ஒற்றிக்கொண்டு, வலி தாங்காமல் முனகிக்கொண்டே சிரித்தான். முன்சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தான்.

வீட்டில் சபுரா மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். "என்ன ஆச்சு?"

"அண்ணாச்சி போறாரு."

"நீங்க?"

"மூஞ்சி ஆறணும்."

மிஷின் நின்றது. அவள் அவனைப் பார்த்தாள். துணியை மாற்றி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். அன்றைக்குக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் பிரம்மநாயகம் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காராமல் நின்றார். சபுரா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பாய், விசாவுக்குப் புதுப் போட்டோ கேக்காங்க. இந்தா பாரும், கண்ணுக்குக் கீழ ஒரு கறுப்பு. வீட்டுக்காரி செண்பகவல்லிகூட நேத்து சொன்னா, போட்டோவில விழுந்தா அசிங்கமா இருக்கும்னு. சுண்ணாம்பு வேண்டாம். சும்மா லேசா, கடுக்காய் மட்டும் ஒரு ஒத்து."

கலீலுல்லா நூல் வெட்டுவதை நிறுத்தினான். டாக்டர் சொன்ன கொத்தனாரை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயெடுத்தான். ஆனால் அவர் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்தது. மோவாயைப் பிடித்து அவர் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தான். கறுப்பு இருக்கத்தான் செய்தது. பெரிய வேலை இல்லை. தவிட்டுத் தண்ணியைக் காலையிலேயே புளிக்க வைத்துவிட்டால், நுரைக்கல்லை லேசாக ஒரு பக்கமாக ஓட்டினால்...

அவன் கட்டைவிரல் தானாக நீண்டது.

சபுரா அடுப்படியில் இருந்து வந்து, அவன் இரண்டு கையிலும் இரண்டு சூடான டீ கிளாஸைக் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றாள்.